“செத்தாலும் பரவாயில்லை” என்று விற்கப்படும் நீல மீன்

கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் நன்னீர் மீனுக்குத்தான் முதல் மரியாதை. ஃபைட்டர், கப்பி, மோலி, கோல்டு ஃபிஷ், ஏஞ்சல் என்று வாசலிலேயே பாக்கெட் பாக்கெட்டாகத் தொங்கும். சிமெண்ட் தொட்டி, மொட்டை மாடி, வீட்டுப் பின்கட்டு எனக் கிடைத்த இடத்திலெல்லாம் குஞ்சு எடுத்து வளர்த்த ஊர் அது. இடம் போதாமல் தொழில் செங்குன்றம், பொன்னேரி பக்கமெல்லாம் போய்விட்டாலும், வாங்க வருகிறவர்கள் இன்னும் கொளத்தூருக்குத்தான் வருகிறார்கள். உப்புத்தண்ணி மீன் வைத்திருக்கும் கடைகள் கொஞ்சம்தான். அந்தக் கடைகளில் உள்ளே கடைசித் தொட்டியில், சுண்டுவிரல் நீளத்தில், பார்த்தவுடன் கண்ணை இழுக்கிற நீலத்தில் ஒரு மீன் இருக்கும். ப்ளூ டாம்சல்.

போன மாதம் ஒரு கடையில் நின்றுகொண்டிருந்தேன். கல்லூரிப் பையன் ஒருவன், புதிதாகக் கடல் தொட்டி வைத்திருக்கிறேன், நீமோ (க்ளௌன் மீன்) வேண்டும் என்று கேட்டான். கடைக்காரர் அனுபவஸ்தர், அக்கறையாகத்தான் சொன்னார். “தம்பி, புது டேங்க்ல நீமோ போடாத, போயிடும். முதல்ல ரெண்டு டாம்சல் எடுத்துனு போய் விடு. அது தாங்கும். தண்ணி செட் ஆனதும் நீமோ எடுத்துக்கலாம். நடுவுல டாம்சல் செத்தாலும் பரவால்ல, காசு கம்மிதான்.”

பையன் தலையாட்டினான். இரண்டு நீல மீன்கள் பாக்கெட்டுக்குள் போயின.

இந்தப் பேச்சை நான் எத்தனையோ கடைகளில், கடல் தொட்டி வைத்திருக்கும் நண்பர்கள் குழுவில், யூடியூபில் கேட்டுவிட்டேன். உலகம் முழுக்க இந்தப் பழக்கம் இருக்கிறது. அதனால் அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த வழக்கத்தின் மேல்தான் கோபம்.

அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். மீன் தன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியே விடுகிறது. மிச்ச இரை, கழிவு அழுகினாலும் அம்மோனியாதான். ஏற்கெனவே ஓடிப் பழகின தொட்டியில் கல்லிலும் மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக மாற்றும், வேறு பாக்டீரியாக்கள் நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. வாரா வாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போதும். புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் இல்லை. அவை பெருகி வர ஏறக்குறைய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அவை பெருகத் தீனி வேண்டும், தீனி அம்மோனியா. அந்த அம்மோனியாவை உண்டாக்கத்தான் டாம்சல். அதாவது, தன் கழிவிலேயே தான் மூச்சுத் திணறிக்கொண்டு, பின்னால் வரப்போகிற விலையுயர்ந்த மீனுக்குத் தண்ணீரைத் தயார் செய்து கொடுக்கிற வேலை. கடல் தண்ணீரின் பிஎச், அதாவது அமில-கார அளவு, 8.1, 8.2 என்று காரப் பக்கம் இருப்பதால் நன்னீர்த் தொட்டியைவிட இங்கே அம்மோனியாவின் நச்சுப் பங்கு அதிகம். செவுள் சிவந்துபோகும். மீன் மேல்மட்டத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடும். தாங்கும் என்று சொல்கிறார்களே, அந்தத் தாங்கல் இதுதான்.

அம்மோனியா என்றால் என்னவென்று எண்ணூர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 அன்று, நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், பெரியகுப்பம் பக்கம் கடலுக்கடியில் போகும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. கண் எரிச்சல், தொண்டை எரிச்சல், மூச்சு முட்டல். தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள், பலரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எங்கள் சொந்தக்காரப் பெண் ஒருத்தி அந்தப் பக்கம் இருக்கிறாள். “அண்ணா, மூச்சு உள்ள இழுத்தா நெருப்ப இழுக்கிற மாதிரி இருந்துச்சு” என்றாள். மனிதர்கள் பட்டதையும் மீன் படுவதையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. ஆனால் அவள் சொன்னதைக் கேட்ட பிறகு “டாம்சல் தாங்கும்” என்கிற வார்த்தை என் காதில் வேறு மாதிரி விழுகிறது.

இதே அம்மோனியா பவளப்பாறையில் என்ன செய்கிறது தெரியுமா? அங்கே அது உரம். பவளத்தின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்துக்குச் சாப்பாட்டில் பெரும்பங்கு அவை சமைத்துத் தருவதுதான். அந்தப் பாசிக்கு நைட்ரஜன் வேண்டும். தெளிந்த வெப்பக் கடலில் நைட்ரஜன் ரொம்பக் குறைவு. டாம்சல் கூட்டம் பகலெல்லாம் மேலே மிதக்கும் மிகச் சின்ன உயிர்களைத் தின்றுவிட்டு, இரவு பவளத்தின் கிளைகளுக்குள் வந்து ஒடுங்கும். அங்கேயே அம்மோனியாவையும் விடும். பிரெஞ்சு பாலினேசியாவின் மூரியா தீவில் ஆய்வாளர்கள் டாம்சல் கூட்டம் குடியிருக்கும் பவளத்தையும் மீன் இல்லாத பவளத்தையும் அளந்து பார்த்து, மீன் இருக்கிற பவளம் வேகமாக வளர்கிறது என்று 2008-ல் எழுதினார்கள். செங்கடலில் இன்னொரு வகை டாம்சலை இரவில் படம் பிடித்தார்கள். தூங்கும் நேரத்திலும் அது துடுப்பை அசைத்துக்கொண்டே இருக்கிறது. கிளைகளுக்கு நடுவே தேங்கும் தண்ணீர் நகர்ந்து, இரவில் பவளத்துக்குக் குறைந்துபோகும் ஆக்சிஜன் மறுபடி கிடைக்கிறது. குடியிருக்கிற வீட்டுக்கு வாடகை கொடுக்கிற மீன் என்றே எனக்குத் தோன்றும். அதைக் கொண்டுவந்து, பவளமும் பாக்டீரியாவும் இல்லாத ஒரு கண்ணாடிப் பெட்டியில் விட்டு, அதன் அம்மோனியாவை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

இனி நம் நீல மீன். அறிவியல் பெயர் கிரைசிப்டெரா சயனியா. பிரெஞ்சுக் கடற்பயணத்தில் போன க்வாய், கெமார்ட் என்ற இருவர் 1825-ல் இதை விவரித்துப் பெயர் வைத்தார்கள். இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஒகினாவா, பாப்புவா நியூ கினி, ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் என்று மேற்குப் பசிபிக்கில் பரவலாக இருக்கிறது. அலை அடங்கிய ஆழமில்லாத இடத்தில், உடைந்த பவளச் சில்லுகளுக்கு நடுவே வாழ்வது. முழு வளர்ச்சியில் எட்டு சென்டிமீட்டர் சொச்சம். குடும்பம் பொமசென்ட்ரிடே. ஏறக்குறைய 400 இனங்கள் உள்ள பெரிய குடும்பம், நாம் நீமோ என்று கொஞ்சும் க்ளௌன் மீனும் இதே குடும்பம்தான். ஒரு வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றைக் காப்பாற்ற இன்னொன்றைப் பலி கொடுக்கிறோம் என்பது பலருக்குத் தெரியாது.

அந்த நீலத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும். மீனின் உடம்பில் நீலச் சாயம் கிடையாது. உண்மையான நீல நிறமி உள்ள மீன்கள் வெகு அபூர்வம், மாண்டரின் மீன் அதில் ஒன்று. ப்ளூ டாம்சலின் தோலில் உள்ள ஒருவகைச் செல்களுக்குள் குவானின் என்ற பொருளால் ஆன மிக மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. வெளிச்சம் அந்த அடுக்குகளில் பட்டுத் திரும்பும்போது நீலம் மட்டும் ஒன்றுசேர்ந்து பலப்பட்டு வருகிறது. கீழே இருக்கும் கறுப்பு நிறமிச் செல்கள் மற்ற வெளிச்சத்தை விழுங்கிவிடுகின்றன. ஜப்பானிய ஆய்வாளர்கள் 1980-களில் இந்த மீனை வைத்துக் கண்டுபிடித்த விஷயம் ஒன்று உண்டு. அந்தத் தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளி நிலையானது இல்லை. நரம்பு சொல்கிறபடி அது கூடும், குறையும்; கூடவே நிறமும் நகரும்.

ஆய்வுக்கூடம் வேண்டாம், வீட்டிலேயே பார்க்கலாம். பெரம்பூரில் எங்கள் ஹாலில் நான்கடித் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் ஒரு ஜோடி. காலையில் விளக்குப் போட்டதும் கல்லுக்கு அடியிலிருந்து முதலில் வருவது ஆண். அப்போது நிறம் மங்கல், மை கொட்டின மாதிரி கறுநீலம். இரையைப் பார்த்ததும் வாலிலிருந்து தலைப்பக்கம் ஒரு வெளிச்சம் ஏறிவரும். தொட்டியைச் சுத்தம் செய்யக் கையை உள்ளே விட்டால் சட்டென்று இருண்டு, கல் இடுக்குக்குள் போய் கறுப்பாக நிற்கும். கையை எடுத்த கொஞ்ச நேரத்தில் மறுபடி நீலம். என் மகள் வாசலில் ஷூ கழற்றும் சத்தத்துக்கே அது நிறம் மாறுகிறது என்று அவள் சொல்வாள். அவ்வளவு நுணுக்கமாக நான் பார்த்ததில்லை, ஆனால் அவள் என்னைவிட அதிக நேரம் தொட்டி முன்னால் உட்காருகிறவள். கடைத் தொட்டியில் ஐம்பது மீன் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்போது பார்க்கிற நீலம் அதன் முழு நீலம் இல்லை.

பெண்ணுக்கு முதுகுத் துடுப்பின் பின்கோடியில் சின்னதாக ஒரு கறுப்புப் பொட்டு இருக்கும், வால் நிறமில்லாமல் கண்ணாடி போலத் தெரியும். ஆணுக்குச் சில கடல்களில் வால் மஞ்சளாக, ஆரஞ்சாக இருக்கும். எல்லா இடத்து ஆணுக்கும் அப்படி இல்லை.

“அடிக்கிற மீன்” என்று டாம்சலுக்கு இன்னொரு கெட்ட பெயர். அடிக்கும், உண்மைதான். கடலில் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பொந்து, அதைச் சுற்றிக் கொஞ்சம் இடம் பிடித்து வைத்திருக்கும். துரத்தப்படுகிற மீன் அங்கே ஒரே பாய்ச்சலில் எல்லை தாண்டிவிடும். இரண்டடித் தொட்டியில் எல்லை ஏது? கண்ணாடி வரைக்கும் ஓடிவிட்டுத் திரும்பி அடி வாங்க வேண்டியதுதான். அதிலும் தொட்டியில் முதலில் குடியேறினதே டாம்சல் என்றால் தொட்டி முழுக்க அதன் சொத்து. நாலு வாரம் கழித்து நீமோவை விட்டால் அது வாசலிலேயே நின்று விரட்டும். அப்போது “இது ரவுடி மீன்” என்று அதைக் கடைக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். விஷத்தண்ணீரில் தாக்குப்பிடித்து அந்த இடத்தை வீடாக்கினது அதுதான் என்பதை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

இந்தக் குடும்பத்தில் இடத்தைப் பிடித்துவைப்பது சாதாரண விஷயம் இல்லை. சில இனங்கள் தங்களுக்கு வேண்டிய பாசியை மட்டும் விட்டு, வேண்டாததைப் பிடுங்கி எறிந்து, தோட்டம் போட்டுக் காவல் காக்கின்றன. பெலீஸ் நாட்டுக் கடலில் ஒருவகை டாம்சல் தன் தோட்டத்தில் குட்டிக் குட்டி மைசிட் இறால்களைத் தங்கவிட்டு, அவற்றைத் தின்ன வருகிற மீன்களை விரட்டுகிறது. இறால்களின் கழிவு பாசிக்கு உரமாகிறது. 2020-ல் இது ஆய்வாக வந்தபோது ஆட்டுப்பட்டி வைக்கிற வேலையை ஒரு மீன் செய்கிறதே என்று எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. ஆஸ்திரேலியாவில் வாழும் அம்போன் டாம்சல் என்ற மஞ்சள் மீனின் முகத்தில் நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கோலங்கள் இருக்கின்றன. தன்னினம் எது, பார்க்க அதே போல இருக்கும் பக்கத்து இனம் எது என்று அந்தக் கோலத்தை வைத்தே அது பிரித்தறிகிறது. காசு கம்மி என்று நாம் ஒதுக்குகிற கூட்டம் இது.

எங்கள் ஆண் மீன் ஒரு மட்டிச் சிப்பியை வீடாக எடுத்துக்கொண்டது. வாயால் மணலை அள்ளி அள்ளிச் சிப்பிக்கு வெளியே துப்பும். உள்பக்கத்தைக் கொறித்துக் கொறித்துப் பளபளப்பாக்கும். பிறகு பெண்ணின் முன்னால் போய் மேலும் கீழுமாகத் துள்ளி ஒரு ஆட்டம், உடனே சிப்பிக்கு ஓட்டம், திரும்ப வந்து மறுபடி ஆட்டம். பெண் வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பிறகு ஒரு காலை, சிப்பியின் உள்கூரையில் ஊசிமுனை அளவுக்கு முட்டைகள். முட்டை போட்டதும் பெண்ணுக்கு அங்கே வேலை இல்லை, ஆணே அதை விரட்டிவிடும். அடுத்த நான்கு நாள் அவன் பொறுப்பு. மார்புத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருப்பான், கெட்டுப்போய் வெளுத்த முட்டையை வாயால் எடுத்துவிடுவான். என் கை வந்தால் கையைக் கடிப்பான். எட்டு சென்டிமீட்டர்கூட இல்லாத உடம்பு, விரலில் சுருக்கென்று தெரியும். சில முட்டைகளை அவனே தின்றும் விடுவான். டாம்சல் அப்பாக்களிடம் இது எங்கும் உண்டு, காவல் நாட்களில் இரைதேடப் போக முடியாது அல்லவா. முட்டையின் நிறம் மாறி, உள்ளே இரண்டு வெள்ளிக் கண்கள் தெரிந்தால் அன்று இரவு விளக்கு அணைந்ததும் பொரியும்.

மிக்ஜாம் புயல் சமயத்தில் எங்கள் தெருவில் கரண்ட் வர நாளாகிவிட்டது. கடல் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு அது நெஞ்சு அடைக்கும் நேரம். பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்தான் காப்பாற்றியது. அது ஒன்று வீட்டில் இல்லாமல் சென்னையில் கடல் மீன் வளர்க்காதீர்கள்.

வடசென்னைக் கடலில் இந்த மீன் கிடைக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. கிடைக்காது. பவளம் வளரத் தெளிந்த தண்ணீர் வேண்டும். எண்ணூர்க் கழிமுகம், கூவம், மணலும் சேறும் கலங்கிக்கொண்டே இருக்கும் கரை, இங்கே பவளப்பாறைக்கு வழியில்லை. நமக்குப் பக்கத்துப் பவளம் என்றால் மன்னார் வளைகுடாதான், ராமேஸ்வரத்திலிருந்து தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றி. 1986-ல் அதைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆனால் டாம்சல் குடும்பத்து ஆள் ஒருவர் நம் கரையிலும் இருக்கிறார். கடல் அரிப்புக்காகக் காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர், எர்ணாவூர் வரை கொட்டியிருக்கும் பாறைகள், தூண்டில் வளைவுகள் இருக்கின்றனவே, அவற்றின் இடுக்குகளில் உடம்பில் கறுப்புப் பட்டை போட்ட மீன் ஒன்று திரியும். அப்யூடெஃப்டஃப் என்ற பேரினம். ப்ளூ டாம்சலுக்குப் பெரியப்பா மகன் முறை. தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் அதைக் காட்டிக் கேட்டேன்.

“அதுவா? கறிக்கு ஆவாது நைனா. கல்லு இடுக்குலயே கெடக்கும். பெரிய மீனுக்குப் போட்ட இரைய நைசா கடிச்சுனு பூடும்.”

பாறை கொட்டினால் பாறையில் குடியேறிவிடுகிறது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியபோது, எர்ணாவூர்ப் பக்கம் இதே பாறைகளுக்கு நடுவிலிருந்துதான் ஆட்கள் வாளி வாளியாகக் கறுப்பு எண்ணெயை அள்ளினார்கள். அந்தப் பட்டை மீன்கள் இப்போதும் அங்கே இருக்கின்றன. அதைத் தாங்கும் சக்தி என்று யாராவது சொல்ல வந்தால் எனக்குப் பதில் சொல்லப் பொறுமை இல்லை.

சரி, டாம்சல் இல்லாமல் புதுத் தொட்டியை எப்படி ஓட்டுவது? ரொம்ப எளிது. காசிமேட்டிலோ தெருமுனை மீன்காரம்மாவிடமோ ஒரே ஒரு இறால் வாங்கி, சின்னத் துணிப்பையில் போட்டுத் தொட்டிக்குள் தொங்கவிடுங்கள். அது அழுகும், அம்மோனியா வரும், பாக்டீரியாவுக்கு அது போதும். ஓடிக்கொண்டிருக்கிற தொட்டியின் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு நண்பரிடமிருந்து கிடைத்தால் இன்னும் சீக்கிரம் நடக்கும். டெஸ்ட் கிட் வாங்குங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும், அப்புறம் நைட்ரைட் ஏறி இறங்கும், இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகு மீன் விடுங்கள். வடசென்னை போர்வெல் தண்ணீரில் உப்பைக் கரைக்காதீர்கள், ஆர்ஓ தண்ணீர்தான் சரி. மே மாதம் தண்ணீர் 32 டிகிரியைத் தாண்டும், மேலே ஃபேன் வையுங்கள். தண்ணீர் வற்றும்போது நல்ல தண்ணீரால் நிரப்புங்கள், உப்பு வற்றாது. இயற்கைப் பவளத்தை, அது செத்த பவளமாக இருந்தாலும், யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் வாங்க வேண்டாம். பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. செயற்கைக் கல்லே போதும், மீனுக்குப் பொந்துதான் முக்கியம்.

ஆறு வாரம் காத்திருக்க முடியாதா என்று பையன்களிடம் கேட்டால், “வெறும் தொட்டிய பார்த்துட்டு இருக்கணுமாண்ணா?” என்கிறார்கள். ஆமாம், பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும். கண்ணாடியில் பழுப்புப் பாசி வரும், போகும். அதுவும் பார்க்க வேண்டியதுதான்.

இந்தக் கடைகளுக்கு வரும் கடல் மீன்களில் பெரும்பாலானவை இன்னும் கடலில் பிடித்தவை. பிலிப்பைன்ஸ் பக்கம் 1960-களிலிருந்தே சயனைடு தெளித்து மீனை மயக்கிப் பிடிக்கும் பழக்கம் இருந்தது. பவளத்தையும் அது கொல்லும். நம் மண்டபத்தில் இருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையத்தில் க்ளௌன் மீன்களோடு பல டாம்சல் இனங்களையும் தொட்டியிலேயே குஞ்சு எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். வழி தெரியும் என்றால் வழக்கம் மாறலாம். கடையில் போய் “இது டேங்க்ல பொரிச்சதா, கடல்ல புடிச்சதா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் தன் ஏஜெண்டிடம் கேட்பார்.

கஷ்டம் குஞ்சில்தான் இருக்கிறது. க்ளௌன் குஞ்சு பொரியும்போதே ரோட்டிஃபர் என்ற கண்ணுக்குத் தெரியாத சின்ன உயிரியைத் தின்னும் அளவுக்கு வாய் இருக்கும். டாம்சல் குஞ்சு அதைவிடச் சின்னது, முதல் சில நாளுக்குக் கோபிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிரியின் குட்டிகள்தான் ஒத்துவருகிறது. கடலில் இந்தக் குஞ்சுகள் சில வாரம் நீரோட்டத்தில் மிதந்துவிட்டு, பவளப்பாறையின் சத்தத்தைக் கேட்டுத் திரும்பி வருமாம். கிரேட் பேரியர் ரீஃபில் செத்த பவளத் திட்டுகளில் ஸ்பீக்கர் வைத்து ஆரோக்கியமான பாறையின் சத்தத்தை ஒலிக்கவிட்டபோது இரண்டு மடங்கு மீன் வந்து சேர்ந்தது என்று 2019-ல் ஆய்வு வந்தது. என் தொட்டியில் பொரிந்தவை கண்ணாடி மேல் புள்ளி புள்ளியாக நீந்துகின்றன, பிறகு இல்லாமல் போகின்றன. இரைதான் பிரச்சினை. மொட்டை மாடியில் நீல டிரம்மில் கோபிபாடுக்குத் தீனியாகப் பச்சைத் தண்ணீர் தயாராக இருக்கிறது, நானோகுளோராப்சிஸ் பாசி நன்றாகப் பிடித்துவிட்டது. கோபிபாட் கல்ச்சர் வைத்திருக்கும் யாராவது சென்னையில் இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள். திருவான்மியூரானாலும் சரி, கேனோடு வந்து வாங்கிக்கொள்கிறேன். அடுத்த முட்டை சிப்பியில் வந்தாகிவிட்டது.